கொப்பரா முதல் கச்சான் வரை: பூஞ்சண நஞ்சைப் பற்றி விஞ்ஞானம் சொல்வது என்ன?

தேங்காய் எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு இருக்கின்றது என்ற செய்தி 2021 மார்ச் மாதத்தில் நாடெங்கும் பரவியது பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டும் ரமழான் மாதத்தின் தொடக்கமும் ஒரே நாட்களில் வந்தன. வீடுகளில் எண்ணெய் அதிகமாகச் செலவாகும் காலம் அது. இறக்குமதி செய்யப்பட்ட, சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெய்த் தொகுதிகள் சிலவற்றில் 'அஃப்ளடொக்சின்' என்ற நச்சுப்பொருள் அனுமதிக்கப்பட்ட அளவை விட அதிகமாக இருப்பதாகப் பரிசோதனைகள் காட்டின. அவற்றை மீள் ஏற்றுமதி செய்யுமாறு உத்தரவு பிறந்தது. அடுத்த ஆண்டு, 2022 செப்டம்பரில், திரிபோஷாவிலும் இதே நஞ்சு இருப்பதாக ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு மறுப்பும் வந்தது. சில வாரங்களில் இரண்டு விடயங்களும் பேச்சிலிருந்து மறைந்து போயின.

பேச்சு மறைந்தாலும் கேள்விகள் மறையவில்லை. நீண்ட காலம் விஞ்ஞான பாடம் கற்பித்தவன் என்பதால் அந்தக் கேள்விகள் இன்று வரை என்னிடம் வந்து கொண்டேயிருக்கின்றன. "அந்த நஞ்சு எண்ணெயில் எப்படி வருகின்றது?" "நன்றாகக் கொதிக்க வைத்தால் போய்விடாதா?" "கச்சானிலும் இருக்கிறதாமே, பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?" "வெங்காயத் தோலில் கறுப்பாக இருப்பதும் அதுதானா?" வட்ஸ்அப்பில் வரும் பதில்கள் ஒன்றில் பயமுறுத்துகின்றன, இல்லையென்றால் 'இதெல்லாம் கம்பனிகளின் விளையாட்டு' என்று தட்டிக் கழிக்கின்றன. இரண்டும் எமக்கு உதவாது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் ஆராயப்பட்டு வரும் விடயம் இது. அந்த ஆய்வுகள் சொல்வதை இயன்றவரை எளிமையாக இங்கு தர விரும்புகின்றேன்.

வான்கோழிகள் காட்டிக் கொடுத்த நஞ்சு

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் இறந்தன. தாராக் குஞ்சுகளும் இறந்தன. எந்தக் கிருமியும் அகப்படாததால், பெயர் தெரியாத நோய் என்ற பொருளில் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று அதனை அழைத்தார்கள். இறந்த பறவைகளின் ஈரல்கள் சிதைந்திருந்தன. தேடிச் சென்றபோது, அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட தீவனத்தில் பிரேசிலிலிருந்து வந்த கச்சான் புண்ணாக்கு கலந்திருந்தது தெரிய வந்தது. அந்தப் புண்ணாக்கில் 'அஸ்பர்ஜிலஸ் ஃபிளேவஸ்' என்ற பூஞ்சணம் வளர்ந்து, ஒரு நஞ்சைச் சுரந்திருந்தது. அஸ்பர்ஜிலஸின் 'அ', ஃபிளேவஸின் 'ஃபிள', நஞ்சைக் குறிக்கும் 'டொக்சின்' ஆகிய மூன்றையும் சேர்த்து 'அஃப்ளடொக்சின்' என்று அந்த நஞ்சுக்குப் பெயரிட்டார்கள்.

இந்தப் பூஞ்சணம் மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருப்பது. பச்சை, மஞ்சள் கலந்த தூள் போலப் படரும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். கச்சான், சோளன், கொப்பரா, செத்தல் மிளகாய், பருத்தி விதை, முந்திரி போன்ற கொட்டைகள் ஆகியவை அதற்கு விருப்பமான இடங்கள். வயலில் வரட்சி தாக்கிப் பயிர் நலிந்திருக்கும் போதும், அறுவடைக்குப் பின் சரியாகக் காயாமல் மூடையில் கட்டி வைக்கப்படும் போதும் அது உள்ளே புகுந்து விடுகின்றது. எமது நாட்டின் காலநிலையை நினைத்துப் பார்த்தால், இது ஏன் எமக்கு உரிய பிரச்சினை என்பது விளங்கும்.

இந்த நஞ்சில் பி1, பி2, ஜி1, ஜி2 என்று நான்கு முக்கிய வகைகள் உண்டு. புற ஊதா ஒளியில் நீல நிறமாக ஒளிர்வதை 'பி' என்றும், பச்சையாக ஒளிர்வதை 'ஜி' என்றும் பிரித்தார்கள். நான்கிலும் கொடியது பி1. பி1 கலந்த தீனியை உண்ட பசுவின் உடலில் அதன் ஒரு பகுதி எம்1 என்ற வடிவமாக மாறிப் பாலில் வெளியேறுகின்றது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை 'மாட்டுக்குத் தானே' என்று கொடுப்பவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். மாட்டுக்குக் கொடுத்தது பாலாகத் திரும்பி வீட்டுக்கே வருகின்றது.

ஈரலுக்குள் என்ன நடக்கின்றது?

அஃப்ளடொக்சினின் விசித்திரம் என்னவென்றால், அது உடலுக்குள் நுழையும் போது இருப்பதை விட, உடல் அதனை வெளியேற்ற முயலும் போது தான் ஆபத்தானதாக மாறுகின்றது. நஞ்சுகளை உடைக்கும் வேலையைச் செய்வது ஈரல். ஈரலில் உள்ள நொதியங்கள் பி1ஐ மாற்றியமைக்கும் போது, எதனுடனும் உடனே ஒட்டிக் கொள்ளக்கூடிய ஒரு பொருள் உருவாகின்றது. அது உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் போய் ஒட்டிக் கொள்கின்றது. ஒட்டிய இடத்தில் பிரதி எடுக்கும் போது எழுத்துப் பிழை ஏற்படுகின்றது.

அந்தப் பிழை எங்கே நடக்கின்றது என்பதையும் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகாமல் காக்கும் ஒரு மரபணு உண்டு. அதன் பெயர் பி53. சீனாவிலும் தென் ஆபிரிக்கப் பிராந்தியத்திலும் ஈரல் புற்றுநோயாளர்களிடமிருந்து எடுக்கப்பட்ட கட்டிகளை ஆராய்ந்த இரு குழுக்கள் 1991ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டன. அந்த மரபணுவின் 249ஆவது இடத்தில் ஒரே மாதிரியான மாற்றம் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. குற்றவாளி விட்டுச் சென்ற கைரேகை போன்ற அடையாளம் அது. இயற்கையாக உணவில் கலக்கும் அஃப்ளடொக்சின்களை, மனிதரில் புற்றுநோயை ஏற்படுத்துவது உறுதி செய்யப்பட்ட முதலாம் பிரிவுப் பொருட்களில் ஒன்றாகச் சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. புகையிலையும் அதே பிரிவில் தான் இருக்கின்றது.

இந்தத் துறையில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த ஆய்வு சீனாவின் ஷங்காய் நகரில் நடந்தது. 18,244 ஆண்களிடம் சிறுநீர், இரத்த மாதிரிகளைப் பெற்று, பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1994இல் வெளியான முடிவின்படி, அஃப்ளடொக்சினின் அடையாளம் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு, இரண்டும் இல்லாதவர்களை விட சுமார் 3.4 மடங்கு. ஹெபடைடிஸ் பி வைரசு மட்டும் இருந்தவர்களுக்கு சுமார் 7.3 மடங்கு. இரண்டும் சேர்ந்து இருந்தவர்களுக்கோ சுமார் 59 மடங்கு! இரண்டு தீமைகள் சேர்ந்த போது அவை கூடவில்லை, பெருகின.

இதில் எமக்கு ஒரு நற்செய்தியும் இருக்கின்றது. இலங்கையில் ஹெபடைடிஸ் பி தொற்று ஒப்பீட்டளவில் குறைவு. 2003 முதல் குழந்தைகளுக்கான தேசிய தடுப்பூசித் திட்டத்தில் அதற்கான தடுப்பூசியும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. தடுப்பூசிகளைப் பற்றி அவ்வப்போது பரவும் வதந்திகளை நம்பிப் பிள்ளைகளின் ஊசியைத் தள்ளிப் போடுபவர்கள் இந்த 59 மடங்குக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். உணவில் உள்ள நஞ்சின் வலிமையைக் குறைக்கும் மருந்தும் அந்த ஊசி தான்.

மெதுவாகவும் கொல்லும், விரைவாகவும் கொல்லும்

சிறிய அளவில் பல ஆண்டுகள் உட்கொள்வதன் விளைவு புற்றுநோய். பெரிய அளவில் சில வாரங்கள் உட்கொண்டால் ஈரல் செயலிழந்து மரணமே நேரலாம். 1974ஆம் ஆண்டின் இறுதியில் மேற்கு இந்தியாவின் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களை ஒட்டிய பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை போன்ற நோய் பரவியது. அறுவடைக் காலத்தில் பெய்த மழையால் நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளத்தை வேறு வழியின்றி உண்ட குடும்பங்கள் அவை. பதிவான 397 நோயாளர்களில் 106 பேர் இறந்தார்கள். அதே வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களும் இறந்தன.

முப்பது ஆண்டுகளின் பின், 2004இல், கிழக்கு கென்யாவில் அதே கதை மீண்டும் நடந்தது. 317 பேர் நோயுற்று 125 பேர் உயிரிழந்தனர். அங்கும் காரணம் ஈரமான நிலையில் வீடுகளில் சேமிக்கப்பட்ட சோளம். இரண்டு இடங்களிலும் இறந்தவர்கள் வறியவர்கள். தானியம் பழுதாகி விட்டது என்று தெரிந்தும் அதனை வீசி விட்டு வேறு வாங்க வசதியில்லாதவர்கள். உணவுப் பாதுகாப்பு என்பது அறிவோடு மட்டும் தொடர்புபட்டதல்ல, வறுமையோடும் தொடர்புபட்டது என்பதை இந்த இரு சம்பவங்களும் காட்டுகின்றன. பொருளாதார நெருக்கடிக்குப் பின் எமது நாட்டிலும் மலிவான, தரம் குறைந்த தானியத்தையும் மிளகாயையும் தேடி வாங்கும் குடும்பங்கள் அதிகரித்திருப்பதை நான் எமது ஊர்ச் சந்தையிலேயே காண்கின்றேன்.

குழந்தைகளின் வளர்ச்சியும் இதில் பேசப்படுகின்றது. மேற்கு ஆபிரிக்காவின் பெனின், டோகோ நாடுகளில் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. இரத்தத்தில் அஃப்ளடொக்சின் அடையாளம் அதிகமாக இருந்த பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரமும் நிறையும் இன்றி இருந்ததாக அது காட்டியது. ஆனால் இரண்டும் ஒன்றாகக் காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதன் காரணம் ஆகி விடாது. அதனால் கென்யாவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நஞ்சு குறைந்த சோளம் கிடைக்க வழி செய்யப்பட்டது. 2018இல் வெளியான முடிவு கலவையானது. இடைக்காலத்தில் அளந்த போது அந்தப் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைபாடு குறைவாக இருந்தது. ஆனால் இறுதி அளவீட்டில் அந்த வித்தியாசம் தென்படவில்லை. எனவே ஈரல் புற்றுநோய் விடயத்தில் உள்ள உறுதி, குழந்தை வளர்ச்சி விடயத்தில் இன்னும் எட்டப்படவில்லை. விஞ்ஞானம் இப்படித் தான் நகர்கின்றது. உறுதியானதை உறுதியானது என்றும், ஆராயப்பட்டு வருவதை அப்படியே என்றும் பிரித்துச் சொல்லாத செய்திகளை நாம் சந்தேகத்தோடு தான் பார்க்க வேண்டும்.

சமைத்தால் போகுமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பூஞ்சணம் வேறு, அது விட்டுச் சென்ற நஞ்சு வேறு. சமைக்கும் வெப்பத்தில் பூஞ்சணம் இறந்து விடும். ஆனால் நஞ்சு இறக்காது, ஏனெனில் அது உயிருள்ள பொருள் அல்ல. தூய அஃப்ளடொக்சின் சிதைவதற்கு 237 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் தேவை. கொதிநீர் 100 பாகை தான். பொரிக்கும் எண்ணெய் கூட வழமையாக 180 பாகை அளவில் தான் இருக்கும். கச்சானை வறுக்கும் போது ஓரளவு குறைகின்றது என்பது உண்மை. ஆனால் முழுமையாக நீங்குவதில்லை. சுவையிலோ வாசனையிலோ அதனைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

எண்ணெயின் கதை சற்று வேறானது. ஆலைகளில் சுத்திகரிக்கும் போது காரம் சேர்த்து நடுநிலையாக்குவதும், வெளிற்றும் மண்ணில் வடிப்பதும் நடைபெறுகின்றன. இந்த இரண்டு படிகளிலும் அஃப்ளடொக்சின் பெரும்பாலும் நீங்கி விடும். எனவே ஆபத்து அதிகம் உள்ளது பழுதான கொப்பராவிலிருந்து பிழிந்து, சுத்திகரிக்காமல் விற்கப்படும் எண்ணெயில். 'செக்கில் ஆட்டியது, இயற்கையானது' என்ற சொல் மட்டும் எந்த எண்ணெயையும் பாதுகாப்பானது ஆக்கி விடாது. நல்ல கொப்பராவிலிருந்து வந்தால் செக்கு எண்ணெய் நல்லது. கறுத்து, பூத்துப் போன கொப்பராவிலிருந்து வந்தால், இயற்கையான நஞ்சும் அதில் இயற்கையாகவே இருக்கும்.

இங்கே எமது நாட்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021இல் இந்தச் செய்தி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது போலப் பேசப்பட்டது. ஆனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.என். அர்சகுலரத்னவும் அவரது சகாவும் தேங்காய் உற்பத்திகளில் அஃப்ளடொக்சின் கலப்பது பற்றி 1971இலேயே ஆய்வு வெளியிட்டிருந்தார்கள். பின்னர் உபாலி சமரஜீவவும் அவரும் இணைந்து பல ஆய்வுகளைச் செய்தார்கள். தேங்காய் எண்ணெயில் உள்ள இந்த நஞ்சைச் சூரிய ஒளியால் சிதைக்கலாம் என்பதைக் காட்டி, அதற்கான ஒரு மாதிரி ஆலை பற்றி 1985இல் எழுதினார்கள். புழுங்கலரிசியில், பச்சையரிசியை விட அஃப்ளடொக்சின் அதிகம் காணப்படலாம் என்று காட்டிய ஆய்வும் இந்த நாட்டில் தான் நடந்து 1991இல் வெளியானது. நெல்லை ஊறவைத்து அவித்த பின் காயப் போடுவதில் தாமதம் ஏற்பட்டால் பூஞ்சணத்துக்கு வழி திறந்து விடும். ஆக, அறிவு எம்மிடம் ஐம்பது ஆண்டுகளாக இருந்தது. அந்த அறிவு ஆய்வுகூடத்திலிருந்து கொப்பராப் போறணைக்கும், நெல் ஆலைக்கும், கடைக்கும் போய்ச் சேரவில்லை என்பதே எமது குறை.

அளவும் அச்சமும்

அஃப்ளடொக்சின் ஒரு கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கப்படுகின்றது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் என்றால், ஆயிரம் கிலோ கச்சானில் 10 மில்லிகிராம் நஞ்சு. ஒரு சிட்டிகையை விடவும் குறைவு! ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக உண்ணும் கச்சானுக்கு நான்கு வகைகளும் சேர்த்து 4 மைக்ரோகிராமை எல்லையாக வைத்திருக்கின்றது. அமெரிக்காவில் 20. மேலும் பதப்படுத்தப்படவுள்ள கச்சானுக்குச் சர்வதேச உணவுச் சட்டக்கோவை 15 என்று வைத்திருக்கின்றது. இந்த வேறுபாட்டைக் கண்டு 'ஏதோ சதி' என்று எண்ணத் தேவையில்லை. இவ்வளவுக்குக் கீழே முற்றிலும் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய எல்லை இந்த நஞ்சுக்குக் கிடையாது. ஆகவே நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது என்பதே கொள்கை. ஒவ்வொரு நாடும் அதனைத் தனது நிலைமைக்கேற்ப வரைகின்றது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நஞ்சு ஒரு மூடை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆயிரம் கச்சானில் ஒன்றிரண்டில் மட்டும் மிக அதிகமாகக் குவிந்திருக்கும். மூடையின் ஒரு மூலையில் ஒரு பிடி எடுத்துச் சோதித்தால் ஒன்றுமே இல்லை என்றும், மறு மூலையில் எடுத்தால் அளவை மீறி விட்டது என்றும் வரலாம். ஒரே சரக்குக்கு இரு ஆய்வுகூடங்கள் இரு முடிவுகளைக் கொடுக்கும் போது, உடனே ஒரு தரப்பு பொய் சொல்கின்றது என்று முடிவு கட்டுவதற்கு முன், மாதிரி எங்கிருந்து, எத்தனை இடங்களிலிருந்து, எவ்வளவு எடுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். எமது ஊடகங்கள் கேட்க மறந்த கேள்வி இது.

நம்பிக்கை தரும் ஆய்வுகள்

இது எதுவும் செய்ய முடியாத விதி அல்ல. மேற்கு ஆபிரிக்காவின் கினி நாட்டில் 20 கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. அதன் முடிவு 2005இல் வெளியானது. பத்துக் கிராமங்களில் கச்சான் விவசாயிகளுக்கு மிக எளிய சில வழிகள் கற்றுக் கொடுக்கப்பட்டன. பூஞ்சணம் பிடித்ததையும் உடைந்ததையும் கையால் பொறுக்கி அகற்றுதல், வெறுந்தரையில் அல்லாமல் பாயில் உலர்த்துதல், நன்றாகக் காய்ந்து விட்டதா என்று பார்த்தல், பிளாஸ்டிக் பையில் அல்லாமல் சணல் சாக்கில் கட்டுதல், சாக்கை மரத்தட்டின் மேல் வைத்தல் என்பனவே அவை. ஐந்து மாதங்களின் பின் அந்தக் கிராம மக்களின் இரத்தத்தில் அஃப்ளடொக்சின் அடையாளம், மற்றப் பத்துக் கிராமங்களில் இருந்ததன் பாதிக்கும் குறைவாக இருந்தது. பாய், சாக்கு, வெயில், கை. இவ்வளவு தான் முதலீடு!

சீனாவின் சீடொங் பகுதி இன்னொரு பாடம். ஒரு காலத்தில் ஈரல் புற்றுநோய் மிக அதிகமாக இருந்த இடம் அது. மக்களின் பிரதான உணவு சோளம். 1980களில் பொருளாதாரக் கொள்கை மாறிய பின் அவர்கள் படிப்படியாகச் சோற்றுக்கு மாறினார்கள். 1989இல் சேகரித்த இரத்த மாதிரிகளில் தாராளமாகக் காணப்பட்ட அஃப்ளடொக்சின் அடையாளம், 2009இல் எடுத்த மாதிரிகளில் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஹெபடைடிஸ் தடுப்பூசி பெற்ற தலைமுறை அந்த வயதை எட்டும் முன்பே, ஈரல் புற்றுநோய் மரணங்கள் குறையத் தொடங்கி விட்டன என்று 2013இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

நைஜீரியா உள்ளிட்ட ஆபிரிக்க நாடுகளில், நஞ்சு சுரக்காத அதே இனப் பூஞ்சணத்தை வயலில் தூவி, நஞ்சு சுரக்கும் பூஞ்சணத்துக்கு இடமில்லாமல் செய்யும் முறை பயன்பாட்டில் இருக்கின்றது. மறுபுறம், காலநிலை மாற்றம் இந்தப் போராட்டத்தைக் கடினமாக்குகின்றது. வெப்பநிலை 2 பாகை உயர்ந்தால், இதுவரை இந்தப் பிரச்சினை அதிகம் இல்லாதிருந்த ஐரோப்பிய நாடுகளின் சோளத்திலும் அஃப்ளடொக்சின் அபாயம் உயரும் என்று 2016இல் வெளியான கணிப்பு எச்சரித்தது. வரட்சியும் காலம் தப்பிய மழையும் மாறி மாறி வரும் எமது உலர் வலயத்துக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

கச்சானை வாங்கும் போது சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பானது ஆகியவற்றைத் தயங்காமல் வீசி விடுங்கள். ஒரு பருப்பு கசந்தால் துப்பி விட வேண்டும் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். செத்தல் மிளகாயை முழுதாக வாங்கி, காம்புப் பக்கம் கறுத்ததையும் உள்ளே சாம்பல் படிந்ததையும் அகற்றி, வெயிலில் காய வைத்து அரைப்பது நல்லது. தூளாக வாங்கும் போது எந்த மிளகாயை அரைத்தார்கள் என்று எமக்குத் தெரியாது. தானியங்களையும் பருப்பு வகைகளையும் மழைக்காலத்துக்கு முன் உலர்த்தி, காற்றுப் புகாத பாத்திரங்களில் போட்டு, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்த பாணில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி விட்டு மீதியை உண்ண வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும்.

வெங்காயத் தோலில் காணப்படும் கறுப்புத் தூள் பெரும்பாலும் வேறோர் இனப் பூஞ்சணம். அது அஃப்ளடொக்சினை உருவாக்குவதில்லை. மேல் தோல்களை உரித்துக் கழுவி விட்டுப் பயன்படுத்தலாம். உள்ளே மென்மையாகி அழுகியிருந்தால் மட்டும் வீசி விடுங்கள். இதனை வைத்துப் பயமுறுத்தும் குரல் பதிவுகளை மேலும் பலருக்கு அனுப்பாமல் இருப்பதே பெரிய உதவி.

ஒரு முக்கியமான விடயத்தையும் மறந்து விடக் கூடாது. எமது நாட்டில் ஈரலைத் தாக்கும் பிரதான காரணம் பூஞ்சணம் அல்ல. றாகமையில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட வளர்ந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. மதுவால் வந்த பாதிப்பு அல்ல அது. அதிகரித்த உடல் நிறை, நீரிழிவு, அசைவில்லாத வாழ்க்கை ஆகியவற்றோடு சேர்ந்து வருவது. காலப்போக்கில் அதுவும் ஈரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இட்டுச் செல்லலாம். எண்ணெயில் நஞ்சு இருக்கிறதா என்று அஞ்சுகின்ற நாம், அந்த எண்ணெயில் எத்தனை சமோசாவும் ரோல்சும் பொரித்து ஒரே நோன்பு திறப்பில் உண்கின்றோம், ஒரு கோப்பைத் தேநீரில் எத்தனை கரண்டி சீனி போடுகின்றோம் என்பதையும் எண்ண வேண்டும். ஒரு நஞ்சுக்கு அஞ்சி இன்னொன்றை விரும்பி உண்பதில் பயனில்லை.

வியாபாரிகளிடமும் அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள்

வீட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும், கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாத நஞ்சை ஒரு குடும்பத்தால் தனியாகத் தடுக்க முடியாது. அதனால் தான் இது பொதுக் கடமையாகின்றது. எமது சமூகத்தில் பெரும் பகுதியினர் வியாபாரத்தோடு தொடர்புபட்டவர்கள். மிளகாய், அரிசி, கொப்பரா, பருப்பு என்று இந்த நஞ்சு தங்கும் பொருட்கள் பலவும் எமது கடைகளினூடாகவே மக்களைச் சென்றடைகின்றன. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே உலர்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருப்பதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகின்றோம். அதனை அளவை நிறுவை மோசடி பற்றிய பாடங்களோடு ஒன்றாக மட்டுமே பெரும்பாலும் படித்திருக்கின்றோம். மறைக்கப்பட்ட ஈரம் என்ன செய்யும் என்பதை இன்றைய விஞ்ஞானம் எமக்கு விளக்கிய பின், அந்தச் சம்பவத்தின் கனம் இன்னும் கூடுகின்றது. ஹலால் முத்திரையைக் கவனமாகத் தேடும் நாம், தய்யிப் என்ற தூய்மையையும் அதே கவனத்தோடு தேட வேண்டாமா?

அதிகாரிகளிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கின்றது. இறக்குமதிச் சரக்குகளிலும் உள்ளூர்ச் சந்தைகளிலும் எடுக்கப்படும் மாதிரிகளின் முடிவுகளை, எந்தப் பொருள், எந்தத் திகதி, எந்த அளவு என்ற விபரங்களோடு மூன்று மொழிகளிலும் ஒழுங்காக வெளியிடுங்கள். ஒரு நெருக்கடி வரும் போது மட்டும் பேசி, பின் மௌனமாகி விடுவதால் தான் வதந்தி அந்த இடத்தை நிரப்புகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கு மாதிரி எடுக்கும் முறையான பயிற்சியும், கிழக்கிலும் வடக்கிலும் விரைவாகப் பரிசோதிக்கும் வசதியும் தேவை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் மனம் வைத்தால், விவசாயிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் உலர்த்துவது பற்றிய ஒரு நாள் வகுப்பை நடத்துவது கடினமல்ல. கினி நாட்டின் கிராமத்து விவசாயிகளால் பாயையும் சாக்கையும் வைத்துச் செய்ய முடிந்ததை எம்மாலும் செய்ய முடியும்.